வாட்ச் காட்டும் 512 கலோரியை நம்பலாமா? கார்டியோ கணக்கில் ஒளிந்திருக்கும் ‘சராசரி மனிதர்’ யார்?

உங்கள் ஸ்மார்ட் வாட்ச் ‘512 கலோரி’ என்று காட்டுகிறது. கெலானா ஜெயா பூங்காவைச் சுற்றி முக்கால் மணி நேரம் நடந்திருக்கிறீர்கள், நடுவில் கொஞ்சம் ஓடியும் இருக்கிறீர்கள். டி-சட்டை முழுக்க வியர்வை. சுங்கை வே பக்கம் திரும்பி வரும் வழியில் மமாக் கடை. ஒரு ரொட்டி சானாய் சுமார் 300 கலோரி, தே தாரேக் ஒன்று சேர்த்தாலும் 512-ஐத் தாண்டாதே என்று மனசு கணக்குப் போடுகிறது. ‘எரிச்சாச்சு, சாப்பிடலாம்.’

இதில் ரொட்டி சானாயின் 300 ஓரளவுக்கு நம்பக்கூடிய எண். சிக்கல் 512-இல்தான்.

இது ஜிம் பிரியர்களின் தனிப்பட்ட கவலை என்று விட்டுவிட முடியாது. நாட்டில் பெரியவர்களில் 54.4 விழுக்காட்டினர் அதிக எடை அல்லது உடல் பருமனோடு இருக்கிறார்கள் என்றது சுகாதார அமைச்சின் 2023 தேசிய சுகாதார ஆய்வு. 2019-இல் அது 50.1 விழுக்காடு. அதே 2019 ஆய்வில் நீரிழிவு நோயின் தேசிய சராசரி 18.3 விழுக்காடாக இருந்தபோது, இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது பத்துப் பேரில் மூன்று பேர். நம் வீடுகளில் இதை நிரூபிக்க ஆய்வு எதுவும் தேவையில்லை, அம்மா அப்பாவின் மருந்துப் பெட்டியே போதும். ஆக, கையில் கட்டியிருக்கும் கருவி தவறான எண்ணைச் சொல்லி, அதை நம்பி நாம் சாப்பிட்டால், அதிகம் இழக்கப்போவது நம் சமூகம்தான்.

எண் எங்கிருந்து வருகிறது?

உங்கள் வாட்ச் கலோரியை அளப்பதில்லை. ஊகிக்கிறது. இந்த ஒரு வித்தியாசத்தைப் பிடித்துக்கொண்டால் மீதி எல்லாம் எளிது.

உண்மையாகவே அளக்க வேண்டுமென்றால் மூக்கையும் வாயையும் மூடும் முகக்கவசம் ஒன்றை மாட்டிவிட்டு, நீங்கள் உள்ளே இழுக்கும் ஆக்சிஜனையும் வெளியே விடும் கரியமில வாயுவையும் கணக்கிட வேண்டும். உடல் ஒரு லிட்டர் ஆக்சிஜனைப் பயன்படுத்தினால் ஏறக்குறைய 5 கலோரி செலவாகிறது. (நாம் ‘கலோரி’ என்று சொல்வது உண்மையில் கிலோ கலோரி. உணவுப் பொட்டலத்தில் ‘kcal’ என்று இருக்கிறதே, அதேதான்.) இந்த வசதி ஆய்வகங்களில் இருக்கும், பக்கத்துத் தெரு ஜிம்மில் இருக்காது.

அதனால் ஒரு குறுக்குவழி கண்டுபிடித்தார்கள். அதன் பெயர் ‘மெட்’. சும்மா உட்கார்ந்திருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி ஒரு மெட். ஒரு கிலோ எடைக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு கலோரி என்று வைத்துக்கொள்கிறார்கள். மணிக்கு 5.6 கிலோமீட்டர் வேகத்தில் விறுவிறுவென நடந்தால் 4.3 மெட். மணிக்கு 8 கிலோமீட்டர் வேகத்தில் மெதுவாக ஓடினால் 8.3 மெட். பொழுதுபோக்காக பேட்மிண்டன் ஆடினால் 5.5. இப்படி நூற்றுக்கணக்கான நடவடிக்கைகளுக்கு எண் போட்ட பட்டியல் ஒன்று அமெரிக்காவில் 1993-இல் வந்தது, 2011-இலும் 2024-இலும் புதுப்பிக்கப்பட்டது. நீங்கள் பயன்படுத்தும் பெரும்பாலான செயலிகளுக்கும் இணையக் கணிப்பான்களுக்கும் இதுதான் தாய்வீடு.

கணக்கு இதுதான்: மெட் எண்ணை உங்கள் எடையால் பெருக்குங்கள், பிறகு மணி நேரத்தால் பெருக்குங்கள். 70 கிலோ எடையுள்ளவர் முக்கால் மணி நேரம் விறுவிறுவென நடந்தால், 4.3 பெருக்கல் 70 பெருக்கல் 0.75. சுமார் 226 கலோரி.

226-உம் முழுக்க நடையால் வந்தது இல்லை. அந்த முக்கால் மணி நேரம் நீங்கள் சோபாவில் படுத்து ரீல்ஸ் பார்த்திருந்தாலும் உடல் ஐம்பது கலோரி அளவுக்குச் செலவழித்திருக்கும், இதயம் துடிக்க வேண்டுமே. அதைக் கழித்தால் நடைக்கென்று கூடுதலாக எரிந்தது சுமார் 175 கலோரிதான். நீங்கள் சாப்பாட்டோடு ஒப்பிட வேண்டிய எண் இந்த 175. ஆனால் டிரெட்மில் திரையிலும் பல செயலிகளிலும் பெரிய எழுத்தில் மின்னுவது மொத்த எண். சில வாட்ச்களில் ‘ஆக்டிவ்’ என்றும் ‘டோட்டல்’ என்றும் இரண்டு எண்கள் தனித்தனியாக இருக்கும். எதைப் பார்க்கிறோம் என்று கவனிக்காமல் ‘டோட்டல்’ எண்ணைப் பெருமையாக வாட்ஸ்அப் குழுவில் போடுகிறவர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள்.

அந்த ‘சராசரி மனிதர்’ நம்மவரா?

இங்கேதான் கதை நமக்கு நெருக்கமாக வருகிறது.

ஒரு மெட் என்றால் ஒரு கிலோவுக்கு நிமிடத்துக்கு 3.5 மில்லிலிட்டர் ஆக்சிஜன் என்று பாடப்புத்தகங்கள் சொல்கின்றன. இந்த 3.5 எங்கிருந்து வந்தது என்று தேடிப் போனால் ஒரே ஒரு மனிதரிடம் போய் முடிகிறது: 70 கிலோ எடையுள்ள, 40 வயது ஆண். 2005-இல் ஆய்வாளர்கள் 769 பேரை அளந்து பார்த்தார்கள். சராசரி 2.6 மில்லிலிட்டர்தான் வந்தது. 3.5 என்ற எண் உண்மையைவிட 35 விழுக்காடு அதிகம். கலோரியில் சொன்னால், கிலோவுக்கு மணிக்கு 1 என்று நினைத்தது 0.84-தான்.

ஓய்வு நேரச் செலவைக் கணிக்கும் இன்னொரு பெரிய சூத்திரத் தொகுப்பு 1985-இல் உலகச் சுகாதார நிறுவனமும் ஐநாவின் உணவு, வேளாண்மை அமைப்பும் சேர்ந்து வெளியிட்டது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். அதன் அடிப்படைத் தரவில் கிட்டத்தட்ட பாதிப் பேர் இத்தாலியர்கள். வெப்பமண்டல நாடுகளில் வாழ்பவர்கள் மிகக் குறைவு. ரோமில் அளந்ததை வைத்து ரவாங்கில் இருப்பவருக்குச் சட்டை தைத்த மாதிரி.

மலேசியாவில் இதைச் சும்மா விடவில்லை. இஸ்மாயில் முகமட் நோர் தலைமையிலான ஆய்வாளர்கள் மலேசியப் பெரியவர்களை நேரடியாக அளந்து, நமக்கென்று தனிச் சூத்திரங்களை உருவாக்கி, 1998-இல் மலேசிய ஊட்டச்சத்து ஆய்விதழில் வெளியிட்டார்கள். அவர்கள் கண்டது: அந்த உலகச் சூத்திரம் மலேசிய ஆண்களின் அடிப்படைச் சக்திச் செலவைச் சராசரியாக 13 விழுக்காடும், பெண்களுடையதை 9 விழுக்காடும் கூட்டிக் காட்டுகிறது.

விழுக்காட்டில் சொன்னால் சின்னதாகத் தெரியும். கலோரியில் போட்டுப் பாருங்கள். 70 கிலோ எடையுள்ள 25 வயது ஆண், நாள் முழுக்கப் படுத்தே கிடந்தால் எவ்வளவு செலவாகும்? பழைய உலகச் சூத்திரப்படி சுமார் 1,750 கலோரி. மலேசியச் சூத்திரப்படி சுமார் 1,510. நாள் ஒன்றுக்கு 240 கலோரி வித்தியாசம். நடந்து எரித்த 175-ஐவிட அதிகம்! இன்றைய செயலிகளில் பரவலாக இருக்கும் 1990-ஆம் ஆண்டு அமெரிக்கச் சூத்திரம் கொஞ்சம் பரவாயில்லை. 170 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் 1,640 வரும். அப்போதும் 130 கலோரி கூடுதல்தான்.

ஏன் இந்த வித்தியாசம்? முழுப் பதில் சிக்கலானது. ஆனால் ஒரு பகுதி தசையில் இருக்கிறது. 2004-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் ஒரு புகைப்படம் வெளிவந்து பேசப்பட்டது. பூனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக், லண்டனைச் சேர்ந்த ஜான் யுட்கின், இருவரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறார்கள். இருவருக்கும் பிஎம்ஐ ஒரே 22.3. பார்க்க இருவருமே ஒல்லி. ஆனால் யுட்கினின் உடலில் கொழுப்பு 9.1 விழுக்காடு, யாஜ்னிக்கிற்கு 21.2 விழுக்காடு. ஒரே பிஎம்ஐ, உள்ளே இருக்கும் சரக்கு வேறு. தசை குறைந்து கொழுப்பு கூடிய உடல், ஓய்வில் குறைவாகத்தான் எரிக்கும். உங்கள் வாட்ச் கேட்டது வயது, பால், உயரம், எடை. ‘தம்பி, உனக்குத் தசை எவ்வளவு?’ என்று அது கேட்கவே இல்லை.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். இதற்காக ‘இந்திய உடம்பு மோசம்’ என்று யாரும் முடிவுக்கு வர வேண்டாம். உடம்பு எதிர்பார்த்தபடிதான் வேலை செய்கிறது. அளவுகோலைத்தான் வேறு யாரையோ வைத்துச் செய்திருக்கிறார்கள்.

சரி, வாட்ச் இதயத் துடிப்பைப் பார்க்கிறதே?

பார்க்கிறது, ஓரளவு நன்றாகவே. அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2017-இல் ஏழு கருவிகளை 60 பேர் கையில் கட்டிச் சோதித்தது. ஏழில் ஆறு கருவிகள் இதயத் துடிப்பை 5 விழுக்காட்டுக்குள்ளான பிழையோடு காட்டின. அதே கருவிகள் கலோரியில் கோட்டை விட்டன. மிகச் சிறந்த கருவியே சராசரியாக 27 விழுக்காடு தவறியது. மிக மோசமான கருவி 93 விழுக்காடு. அந்த மாடல்கள் இன்று கடையில் இல்லை, புதியவை மேம்பட்டிருக்கலாம். ஆனால் அடிப்படைச் சிக்கல் அப்படியே இருக்கிறது: துடிப்பிலிருந்து கலோரிக்குப் போகும் பாதை முழுக்க ஊகம்.

அந்த ஸ்டான்ஃபோர்டு ஆய்வில் இன்னொரு விஷயமும் வந்தது. கருமையான தோல் நிறம், கூடிய பிஎம்ஐ உள்ளவர்களிடம் பிழை அதிகம். பெரும்பாலான வாட்ச்கள் பச்சை ஒளியைத் தோலுக்குள் பாய்ச்சி இரத்த ஓட்டத்தைப் படிக்கின்றன. தோலின் நிறமி அந்த ஒளியை உறிஞ்சும். இதைக் கேட்டதும் நமக்குக் கோபம் வருவது இயல்பு. ஆனால் 2020-இல் டியூக் பல்கலைக்கழகம் 53 பேரிடம் செய்த ஆய்வில் தோல் நிறத்தால் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. உடல் அசையும்போது ஓய்வில் இருப்பதைவிட 30 விழுக்காடு பிழை கூடியது என்பதுதான் அவர்களுக்குக் கிடைத்தது. ஆக, தோல் நிறம் பற்றி இப்போதைக்கு இறுதித் தீர்ப்பு கிடையாது. அசைவு பற்றிச் சந்தேகமே இல்லை. வாட்ச் தளர்வாக ஆடிக்கொண்டிருந்தால் இன்னும் மோசம்.

நம் ஊர் வெயிலையும் புழுக்கத்தையும் மறந்துவிடக் கூடாது. மாலை ஆறு மணிக்குக்கூட கிள்ளான் பள்ளத்தாக்கில் காற்று ஈரமாகத்தான் இருக்கும். உடலைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் துடிப்பு ஏறும். கால்கள் செய்யும் வேலை அதேதான், எரிபொருளும் ஏறக்குறைய அதேதான். வாட்சுக்கு இது தெரியாது. ‘அடேங்கப்பா, கடுமையான பயிற்சி!’ என்று கலோரியைக் கூட்டிப் போடும். ரெட்புல் குடித்துவிட்டு ஓடினாலும் இதே கதை. மறுபக்கம், இரத்த அழுத்தத்துக்காக ‘பீட்டா பிளாக்கர்’ வகை மாத்திரை எடுக்கும் அப்பாவுக்கு மருந்தே துடிப்பை அடக்கிவைக்கும், வாட்ச் குறைத்துக் காட்டும். அப்பா ஏமாற்றவில்லை, நிஜமாகவே நடந்திருக்கிறார்.

டிரெட்மில்லில் ஒரு சின்ன விஷயம். சாய்வை 10-க்கு ஏற்றிவிட்டுக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டு நடப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். இயந்திரம் வேகத்தையும் சாய்வையும் வைத்துத்தான் கணக்குப் போடுகிறது. உங்கள் எடையில் ஒரு பகுதியைக் கைப்பிடி தாங்குவது அதற்குத் தெரியாது. திரையில் வரும் எண் கைப்பிடியை விட்டு நடந்தவருக்கானது.

பத்துமலையில் ஒரு கணக்கு

வாட்ச் இல்லாமலேயே ஒன்றைக் கணக்கிட்டுப் பார்ப்போம், பள்ளியில் படித்த இயற்பியல் போதும். பத்துமலையில் 272 படிகள். ஒரு படி 17 சென்டிமீட்டர் உயரம் என்று வைத்தால் மொத்தம் சுமார் 46 மீட்டர். 70 கிலோ எடையை 46 மீட்டர் தூக்க வேண்டிய சக்தி சுமார் 7.5 கலோரி. தசைகள் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒன்று முதல் ஐந்தில் ஒன்றுதான் வேலையாக மாறும், மீதி வெப்பமாகிவிடும். அப்படியானால் ஏறுவதற்கு 30 முதல் 38 கலோரி.

அவ்வளவுதானா? அவ்வளவுதான். மூச்சு வாங்கி, தொடை நடுங்கி, மேலே போய் நின்றால் ஒரு சின்ன மேரி பிஸ்கட் அளவுக்குக்கூட மிச்சமில்லை போலத் தோன்றும். 300 கலோரிக்கு ரொட்டி சானாய் சாப்பிட்டவர் அதைப் படியிலேயே தீர்க்க நினைத்தால் எட்டு முதல் பத்து முறை ஏற வேண்டும். ஆனால் இதயத்துக்கும் நுரையீரலுக்கும் அந்த நான்கைந்து நிமிடங்கள் தரும் பயிற்சியை இந்த 30 கலோரியை வைத்து அளக்கவே முடியாது. கடினமாக உணர்வதும் கலோரி அதிகமாக எரிவதும் ஒன்றல்ல. வியர்வைக்கும் இது பொருந்தும். ஓடி முடித்ததும் ஒரு கிலோ குறைந்தால், குறைந்தது தண்ணீர்.

அப்போ எந்த எண்ணை வைத்துக்கொள்வது?

என் பரிந்துரை, தூரம். சமதளத்தில் ஓடினால் ஒரு கிலோ எடைக்கு ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் ஒரு கலோரி கூடுதலாக எரியும். நடந்தால் அதில் பாதி. 70 கிலோ உள்ளவர் 5 கிலோமீட்டர் ஓடினால் 350, நடந்தால் 175. 55 கிலோ உள்ள பெண் அதே 5 கிலோமீட்டர் ஓடினால் 275. வேகமாக ஓடினாலும் மெதுவாக ஓடினாலும் பெரிய வித்தியாசம் வராது, நேரம்தான் குறையும். முன்பு பார்த்த முக்கால் மணி நேர நடையை இப்படிக் கணக்கிட்டால் 4.2 கிலோமீட்டருக்கு சுமார் 147. மெட் முறையில் 175 வந்ததே, இரண்டுக்கும் நடுவில் எங்கோதான் உண்மை இருக்கும். எப்படிப் பார்த்தாலும் 512 இல்லை. நடுவில் கொஞ்சம் ஓடியதைச் சேர்த்தாலும் அங்கே போகாது.

இதற்காக வாட்சைக் கழற்றி எறிய வேண்டியதில்லை. ஒரே வாட்ச், ஒரே கை, ஒரே பாதை என்றால் அதன் பிழையும் பெரும்பாலும் ஒரே பக்கம்தான் சாயும். போன மாதம் இந்தப் பாதையில் 150-ஆக இருந்த துடிப்பு இந்த மாதம் அதே வேகத்தில் 140 என்றால், அது உண்மையான செய்தி. அதைப் பாருங்கள். எடை மாறினால் செயலியிலும் மாற்றுங்கள், இரண்டு வருடம் முன்பு போட்ட எடையோடு ஓடிக்கொண்டிருப்பவர்கள் ஏராளம். பயிற்சிக் கலோரியை உணவுக் கணக்கில் தானாகவே ‘திருப்பித் தரும்’ வசதி செயலியில் இருந்தால் அதை நிறுத்திவிடுவது நல்லது. 512 எரித்தேன் என்று நம்பி 512 சாப்பிட்டால், நடந்ததால் எடை கூடும் விசித்திரம் நடக்கும்.

‘ஒரு கிலோ கொழுப்பு 7,700 கலோரி, தினமும் 175 எரித்தால் 44 நாளில் ஒரு கிலோ’ என்ற கணக்கும் தாளில்தான் அழகு. எடை குறையக் குறைய உடல் செலவையும் குறைக்கும். தான்சானியாவின் ஹட்சா வேட்டைச் சமூகத்தினர் நாள் முழுக்க நடக்கிறார்கள். ஹெர்மன் பொன்ட்சர் குழு 2012-இல் வெளியிட்ட ஆய்வில், உடல் அளவைக் கணக்கில் எடுத்துக்கொண்டபோது, அவர்களின் தினசரிச் சக்திச் செலவு மேற்கத்திய நகரவாசிகளுடையதிலிருந்து பெரிதாக மாறவில்லை. பயிற்சிக்குச் செலவானதை உடல் வேறெங்கோ மிச்சம் பிடிக்கிறது என்பது அவர் வாதம். எல்லோரும் இதை ஒப்புக்கொள்ளவில்லை, விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

அப்படியென்றால் எதற்கு நடக்க வேண்டும் என்று கேட்பீர்கள். நம் சமூகத்துக்கு இதற்கான பதில் சர்க்கரையில் இருக்கிறது. தசை வேலை செய்யும்போது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை இன்சுலினின் தயவு அதிகமில்லாமலேயே உள்ளே இழுத்துக்கொள்ளும். சாப்பிட்ட பிறகு பத்துப் பதினைந்து நிமிடம் நடந்தாலே சர்க்கரை ஏறும் உச்சம் குறையும். கலோரியாகப் பார்த்தால் அந்த நடை ஐம்பதுகூட வராது. சுங்கை வே தொழிற்பேட்டையில் இரவு ஷிப்ட் முடித்து வருபவருக்கு ஜிம் போக நேரம் இருக்காது, ஆனால் உணவகத்திலிருந்து வேலையிடத்துக்கு ஒரு சுற்று கூடுதலாக நடக்க முடியும். முன்னேற்றத்தைப் பார்க்க கலோரித் திரையைவிட தையல் டேப் நம்பகமானது: இடுப்பளவு ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பதுதான் ஆசியர்களுக்கான எச்சரிக்கைக் கோடு. பிஎம்ஐ-யிலும் நமக்குக் கோடு 25 இல்லை, 23-லேயே கவனம் தொடங்க வேண்டும் என்கிறது மலேசிய மருத்துவ வழிகாட்டி.

ஏற்கனவே இன்சுலின் ஊசியோ, சர்க்கரையைக் குறைக்கும் கிளிக்லசைடு போன்ற மாத்திரையோ எடுப்பவர்கள் மட்டும், புதிதாகக் கடுமையான கார்டியோ தொடங்கும் முன் கிளினிக்கில் மருந்தளவு பற்றிக் கேட்டுவிடுங்கள். இவர்களுக்குப் பயிற்சியின்போதும், அதற்குப் பல மணி நேரம் கழித்துத் தூக்கத்திலும்கூட, சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்க வாய்ப்புண்டு. பையில் குளுக்கோஸ் மாத்திரையோ ஒரு சின்னப் பெட்டி பழச்சாறோ இருக்கட்டும். கை நடுங்கி, குளிர்ந்து வியர்த்தால் உடனே அதை எடுத்துக்கொள்ள வேண்டும், வாட்சில் அன்று எத்தனை கலோரி காட்டினாலும்.